ஆழத் துடைப்பு

"நீங்க எதை நினைச்சு பயப்படுறீங்களோ, அதை மட்டும் தொட்டுக் காட்டுங்க மேடம்" என்றாள் துடைப்பகத்துப் பெண்.

சுகிர்தா தன் பழைய வீட்டுமூளையை மேசைமேல் வைத்துவிட்டுத் தயங்கினாள். வீட்டில் யார் தும்மினாலும் கேட்டுப் பதிந்துகொள்ளும் பெட்டி அது. துடைக்காமல் தூக்கிப்போட்டால் குடும்ப மானம் சந்தி சிரிக்கும் என்று பயந்து ஊரே துடைப்பகத்துக்கு ஓடியது. தூத்துக்குடியில் தெருவுக்கு ஒன்று முளைத்திருந்தது. பொதுவாக எல்லாவற்றுக்கும் சாதாரணத் துடைப்பு. சுட்டிக் காட்டியதற்கு மட்டும் ஆழத் துடைப்பு. கட்டணமும் ஆழம்தான்.

திரையில் ஓடிய வருடங்களைத் தள்ளிக்கொண்டே போய், ஒரு மழை மாலையில் விரல் வைத்தாள். அன்றுதான் அடுத்த வீட்டு இருதயராஜ் நனைந்தபடி வந்து, தான் வேலை பார்க்கும் ரசாயன ஆலை மழை நேரத்தில் கழிவைக் கடலில் திறந்துவிடுவதைச் சொன்னார். "என் உசுரு போனாலும் ஒங்க பேரு வெளிய வராதுண்ணே" என்று சத்தியம் செய்தாள். பள்ளிக்கூட டீச்சரான அவள் தன் பெயரிலேயே புகார் கொடுத்தாள். அவளுக்குச் சொன்னது யாரென்று ஆலை நிர்வாகம் இன்னும் வலைவீசித் தேடிக்கொண்டிருந்தது.

அந்த மாலை அழிந்தது. நிம்மதியாக வீட்டுக்குப் போனாள்.

மறுவாரம் இருதயராஜை வேலையை விட்டுத் துரத்தினார்கள். நேரே அவள் வாசலுக்குத்தான் வந்தார்.

"ஒங்கிட்ட மட்டுந்தான் சொன்னேன், தங்கச்சி. நான் பேசுனத என் குரல்லயே போட்டுக் காட்டுதானுவ. எவ்வளவு குடுத்தானுவ ஒனக்கு?"

"சத்தியமா நான் சொல்லலண்ணே!"

"அன்னைக்கும் சத்தியந்தான் பண்ணுன" என்று திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

சுகிர்தா துடைப்பகத்தில் போய்க் கத்தினாள். அந்தப் பெண் குரலை உயர்த்தவேயில்லை.

"ஒங்க பெட்டில அழிச்சாச்சு மேடம். பெட்டி செஞ்ச கம்பெனியோட கிடங்குல எல்லா வீட்டுக்கும் ஒரு பிரதி இருக்கும். பெட்டி வாங்கும்போதே சம்மதம் குடுத்திருக்கீங்களே?"

அந்தக் கிடங்கில் ஊர்ப் பேச்செல்லாம் கடலில் கரைத்த பெருங்காயமாகத்தான் கிடந்தது. அத்தனையையும் கேட்டுச் சலிக்க யாருக்கும் கட்டுப்படியாகாது. எங்கே தோண்டுவது என்று காட்ட ஒரு விரல்தான் வேண்டியிருந்தது. விரல் பட்ட இடங்களைத் துடைப்பகம் விற்றது, தேவைப்பட்டவர்கள் வாங்கினார்கள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டோமே என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"அப்ப அந்தப் பேச்ச எனக்கும் குடு. அவர் சொன்னத மட்டும் வெட்டி எடுத்துக் குடுத்திருக்கீங்க. நான் பண்ணுன சத்தியத்தையும் அவர் திரும்பக் கேக்கணும். நீங்க வித்ததையும் எழுதிக் குடு."

"யாருக்குக் குடுத்தோம்னு சொல்றதுக்கில்ல மேடம், அது வாடிக்கையாளர் ரகசியம்." பெண் திரையைத் தட்டிப் பார்த்தாள். "ஆழத் துடைப்பு செஞ்சத உரிமையாளர் திரும்பக் கேட்டா குடுக்கக் கூடாது. அதுக்குத்தான் நாங்க உத்தரவாதமே தர்றோம்."

அந்த மாலை கிடங்கில் இருந்தது, ஆலையில் இருந்தது. சுகிர்தா ஒருத்திக்குத்தான் அது அழிந்திருந்தது.