வெட்டாமல் விட்ட நாடா

காலை 7.40. மலேசியாவின் ஈப்போவுக்கு வெளியே, சுண்ணாம்புக் குன்றின் அடியில் யுகேந்திரன் விழுந்து கிடந்தான். உயிர் இருந்தது; இடுப்பெலும்பு நொறுங்கியிருந்தது. இருபதடி உயரத்தில் அவனைப் பாறையில் அடித்த வளையத்தோடு பிணைத்திருந்த நைலான் நாடா அறுந்துவிட்டது.

9.15. இன்ஸ்பெக்டர் பிரமிளா வந்து இறங்கினாள். கார் ஸ்டியரிங்கில் போன ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டு இன்னும் ஒட்டியிருந்தது. நாலு வருடம் முன்புவரை இதே குன்றில் ஏறியவள். கேஸைக் கேட்டு வாங்கியிருந்தாள். மலை ஏறத் தெரிந்த போலீஸ் ஈப்போவில் வேறு யார் என்ற மிதப்பு.

கார்ப்பரல் தர்மா அதற்குள் ஆளைப் பிடித்து, விலங்கும் மாட்டியிருந்தார். கோலின், யுகேந்திரனோடு ஏறுபவன். நாடாவை எடுத்துக் கொடுத்தவன். முந்தின நாள் இருவருக்கும் வாய்ச்சண்டை.

"அறுத்து வச்சியா?" என்றாள் பிரமிளா.

"ஐயோ, இல்ல புவான்," என்று மலாயில் மேடம் போட்டான் கோலின். "ஸ்டோர்ல ஆணியில தொங்குச்சு, எடுத்துக் கொடுத்தேன்."

ஸ்டோர் என்பது மூடிப்போன ரப்பர் எஸ்டேட்டின் பால் கொட்டகை. இப்போது மலை ஏறுபவர்களின் சாமான் அறை.

"பழசுன்னு தெரியலையா?"

"பழசுன்னா வெட்டித்தானே போடுவாங்க? முழுசா இருந்துச்சு. நல்லதுன்னு நெனச்சேன்லா."

"நல்லா சமாளிக்கிறான்," என்றார் தர்மா.

10.05. கையுறை மாட்டி நாடாவை வெளிச்சத்தில் பிடித்தாள் பிரமிளா. கத்தி பட்டிருந்தால் ஓரம் நேராக இருக்கும். இது பஞ்சு பஞ்சாகப் பிரிந்திருந்தது. வெளியே வெளிறிய நீலம், தையல் மடிப்புக்குள் பளிச்சென்ற நீலம். பல வருட வெயில் தின்ற நாடா. மடிப்புக்குள் ஒரு சிவப்புக் கறை.

"ரத்தமா புவான்?"

"குங்குமம். கீழ சந்தனம்."

"இவன் சர்ச்சுக்குப் போறவனாச்சே. அப்ப யாரோடது?"

பிரமிளாவுக்கு முகம் எரிந்தது. இந்தக் குன்றில் ஏற எடுத்து வரும் சாமான்களுக்குப் பொட்டு வைத்துக் கும்பிட்டது ஒரே ஒரு ஆள். கூட ஏறியவர்கள் கேலி செய்வார்கள். அவர்கள் யாரும் இப்போது இங்கே இல்லை. வாயை மூடிக்கொண்டால் கோலின் உள்ளே போவான், அவ்வளவுதான். அப்படி நினைத்ததற்கே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"யாரும் அறுக்கல தர்மா. பத்து வருஷம் ஆன நைலானைத் தூக்கிப் போடணும். போடறப்ப வெட்டணும், இல்லாட்டி இன்னொருத்தன் எடுத்து மாட்டிக்குவான். இதோட சொந்தக்காரிக்கு ரெண்டும் தெரியும். வருஷா வருஷம் பூஜை போட்ட சாமானு, கத்தரிக்கோல் வைக்க மனசு வரல. ஆணியில மாட்டிட்டுப் போயிட்டா."

"யாரு புவான் அவ?"

"விலங்கைக் கழட்டுங்க. ரிப்போர்ட்ல கோலின் பேர அடிச்சிட்டு என் பேர எழுதுங்க."

தர்மாவின் பேனா நகரவில்லை. அவளே வாங்கி எழுதினாள்.

கோலின் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே அவளைப் பார்த்தான். திட்டுவான் என்று காத்திருந்தாள்.

"யுகேன்கிட்ட நான் சொல்லவா அக்கா?" என்றான்.

அந்த 'அக்கா'வில் அவள் கூசிப் போனாள்.

"வேணாம். நானே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொல்றேன்," என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமல்.