தலைமாட்டுப் பனை

ஈரத்துணியால் ஓலைகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது நிவேதிதாவுக்கு அந்தச் சத்தம் கேட்டது. மெல்லிய விசில்; மூச்சை வெளியே விடும்போது மட்டும் நெஞ்சுக்குள்ளிருந்து கீச்சென்று இழுபடும் சத்தம். மகள் யாழினிக்கு வீசிங் வந்த நான்கு வருடங்களாக, தூக்கத்திலும் அவளுக்கு அடையாளம் தெரிந்த சத்தம். ஆனால் யாழினி ஹாலில் படம் வரைந்துகொண்டிருந்தாள். யாழினி தூங்கும் இந்த அறையில் நிவேதிதாவும் தொட்டிப் பனையும் மட்டும்தான்.

வேலப்பன்சாவடி நர்சரியில் வாங்கியது. "பாப்பா தலமாட்டாண்ட வெய்மா," என்றாள் நர்சரிக்காரி தாயம்மா. "காத்த சுத்தமா பண்ணும். தண்ணிய மட்டும் பாத்து ஊத்து." செடி வந்த அன்றே யாழினிக்கு இளைப்பு நின்றது. ஒன்பது நாளாக நெபுலைசரை வெளியே எடுக்கவில்லை. "டாக்டரைவிட உன் நர்சரிக்காரம்மா கெட்டிதான் போ," என்று கணவன் திருமுருகன்கூடச் சிரித்தான்.

மின்விசிறி ஓடவில்லை. ஏரிப் பக்கத்து ஜன்னல் மூடியிருந்தது. ஈர மண்ணின் வாடையோடு, தூங்கி எழுந்த குழந்தையின் வாயிலிருந்து வரும் புளித்த பால் வாடையும் கலந்து வர, ஓலைகள் அத்தனையும் ஒன்றாக எழுந்து, ஒரு கணம் நின்று, விசிலோடு ஒன்றாகத் தாழ்ந்தன.

தொட்டியை இழுத்துக்கொண்டு போய்ப் பால்கனியில் விட்டாள். கதவைச் சாத்தினாள்.

ஹாலில் ஏதோ விழுந்தது.

யாழினி. வாய் திறந்திருந்தது. உதடு நீலம். இருமல் இல்லை. இழுப்பு இல்லை. நிவேதிதா நெபுலைசர் மாஸ்க்கை மகளின் முகத்தில் வைத்து அழுத்தினாள். மருந்துப் புகை உள்ளே போகவில்லை. கன்னத்தில் வழிந்தது.

பால்கனிக்கு ஓடினாள். தொட்டியை உள்ளே இழுத்து வந்து மகளின் தலைமாட்டில் வைத்தாள்.

யாழினி கண் திறந்தாள். "ஏம்மா என்னை வெளிய தள்ளுன? வெயில் சுட்டுச்சு."

"நீ இங்கதானடி இருந்த!"

யாழினி சிரித்தாள். உதட்டில் நிறம் திரும்பியிருந்தது. நிவேதிதா அவள் நெஞ்சில் கை வைத்தாள். அது எழவில்லை. மூக்கருகே கன்னத்தைக் கொண்டுபோனாள். காற்று இல்லை.

"கூசுதும்மா," என்றாள் யாழினி.

அவள் தலைக்குப் பின்னால் ஓலைகள் எழுந்தன. தாழ்ந்தன. எழுந்தன.

கீழ் ஓலை ஒன்றில், நுனியிலிருந்து ஒரு விரல் நீளத்துக்குப் பழுப்பேறியிருந்தது. துடைத்தபோது அது இல்லை.