கஞ்சியில் கலந்தது

"நில்லுடி! அந்தக் கஞ்சிக்குள்ள என்னத்தப் போட்ட?"

அடுப்படி வாசலில் மாமியார் கருத்தம்மாள் நின்ற கோலத்தைப் பார்த்ததும் கஸ்தூரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பாக்குவெட்டியில் வெள்ளைப் பொடி இன்னும் ஒட்டியிருந்தது. முந்தானையால் அதை அவசர அவசரமாகத் துடைத்தாள். அதுதான் அவள் செய்த பெரிய தப்பு. ஒளிக்கிறவளை யார்தான் நம்புவார்கள்?

"ஒண்ணுமில்ல அத்தே... உப்பு..."

"உப்பைப் பாக்குவெட்டியில வெட்டுறது எந்த ஊரு வழக்கம்டி? ஒன்றரை மாசமா நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். எம்புள்ளை லாரிக்குப் போகல, நாலு பேரோட பேசல. விடிஞ்சா அடுப்படியையே சுத்திச் சுத்தி வாரான்... வசியம் வச்சிட்டியேடி பாவி!"

புருஷனை முந்தானையில் முடிந்துகொள்ளப் பெண்டாட்டிமார் அவன் சோற்றில் எதையாவது கலந்து கொடுத்துவிடுவார்கள் என்பது கோம்பை ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. அந்தப் பேர் வந்துவிட்ட மருமகளின் கையால் யாரும் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார்கள்.

ஆனால் கஸ்தூரி கலந்தது போடி ஊர் டாக்டரம்மா குறைத்துக் கொடுக்கச் சொன்ன மாத்திரை. அவள் புருஷன் சுருளியாண்டி, உலகச் சண்டைக் காலத்தில் பட்டாளத்து லாரி ஓட்டியவன். பர்மா எல்லையில் மூன்று நாள், நான்கு நாள் கண்ணை மூடாமல் வண்டி ஓட்டுவதற்காக அந்த மாத்திரையைக் கொடுத்தார்கள். ஊர் திரும்பியதும் அது இல்லாமல் உடம்பு துவண்டு போயிற்று. டவுன் டாக்டர் ஒருவர் தெம்புக்கு என்று அதற்கே சீட்டு எழுதிக் கொடுத்தார். ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாயிற்று. உறக்கம் போயிற்று, சோறு போயிற்று, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடவென்று அடித்தது. கஸ்தூரிதான் கெஞ்சிக் கூத்தாடி அவனை டாக்டரம்மா சுகிர்தத்திடம் கூட்டிப் போனாள்.

"ஒரேயடியா நிறுத்திடாதீங்கம்மா. நிறுத்தினா ஆளு மரமாட்டம் விழுந்துருவாரு. அப்புறம் மனசும் விழுந்துரும், உயிரே வேண்டாம்னு சொல்லும். பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா அரை மாத்திரை வீதம் குறைங்க. லாரிப் பக்கமே போகக் கூடாது. மாத்திரைப் புட்டி உங்க கையில இருக்கட்டும்" என்றாள் டாக்டரம்மா.

திரும்பி வருகையில் அவனே சொன்னான். "நீ எம்புட்டுக் குறைக்கிறேன்னு எனக்குத் தெரிய வேணாம் கஸ்தூரி. தெரிஞ்சா உங்கிட்ட சண்டைக்கு வருவேன். பொடியாக்கிக் கஞ்சியில கலந்துரு. ஆத்தாளுக்கு மட்டும் தெரியக் கூடாது. பட்டாளத்தான் மாத்திரைக்கு அடிமைன்னு தெருவே சிரிக்கும்." வீரபாண்டி கௌமாரியம்மன் மேல் சத்தியமும் வாங்கிக்கொண்டான்.

நாலு மாத்திரை இப்போது இரண்டரைக்கு வந்திருந்தது. இந்த நேரத்தில்தானா கருத்தம்மாள் கண்ணில் பட வேண்டும்!

சத்தம் கேட்டுச் சுருளியாண்டி வந்து நின்றான். தெருப் பெண்கள் நாலைந்து பேர் வாசலில் கூடிவிட்டார்கள். கஸ்தூரி அவன் முகத்தையே பார்த்தாள். ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதுமே! அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

கருத்தம்மாள் அரிசிப் பானைக்குள் கையை விட்டுத் துழாவிப் புட்டியை எடுத்துவிட்டாள்.

"அத்தே, உங்க கால்ல விழுறேன்! என்னைய அடிங்க, வீட்டை விட்டுத் தள்ளுங்க... அந்தப் புட்டிய மட்டும் குடுத்துருங்க!"

"கேட்டீகளாத்தா? வீடு வேணாமாம், வாசல் வேணாமாம், புட்டி வேணுமாம்!"

புட்டி வாய்க்காலில் போய் விழுந்தது. கஸ்தூரி முழங்கால் தண்ணீரில் இறங்கி மத்தியானம் வரை தேடினாள். மூடி மட்டும் ஒரு வேரில் சிக்கிக் கிடந்தது.

அன்றைக்கே கருத்தம்மாள் மகனை வண்டியில் ஏற்றி, வசியம் எடுக்கிற ஒருத்தியிடம் கொண்டுபோனாள். அவள் எதையோ குடிக்கக் கொடுத்துக் குடலே வெளியே வரும்படி வாந்தி எடுக்க வைத்தாள். வீட்டுக்கு வந்து படுத்தவன் இரண்டு நாள் எழுந்திருக்கவே இல்லை. கருத்தம்மாளுக்கு ஒரே சந்தோஷம்.

"பாத்தியா, வருசக்கணக்கா தூங்காத புள்ளை தூங்குது! எல்லாம் எறங்கிருச்சு."

"அது தூக்கமில்ல அத்தே... ஒருத்தராவது பக்கத்துலயே இருங்க. அவுகளத் தனியா விட்றாதீக..."

"நீ மாட்டுக் கொட்டத்தைத் தாண்டி இங்கன காலெடுத்து வைக்காத."

மாட்டுக் கொட்டத்திலிருந்தே கஸ்தூரி அந்த அறைக்கதவைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். சத்தியத்தை மீறி எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். ஆனால் இனிமேல் அவள் என்ன சொன்னாலும் யார் நம்பப் போகிறார்கள்? டாக்டரம்மாவிடம் ஓடலாம் என்றால், அவனை விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை.

மூன்றாம் நாள் அவன் விழித்தான். எழுந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் வழிந்துகொண்டே இருந்தது. நாலாம் நாள் காலையில் கதவு திறந்து கிடந்தது. கஸ்தூரி ஓடினாள். கிணற்று விளிம்பில் ஒரு காலை உள்ளே தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தவனைப் பின்னாலிருந்து இடுப்போடு கட்டிப் பிடித்துக்கொண்டு அலறினாள்.

"விட்டுரு கஸ்தூரி... அசதியா இருக்கு. எனக்கு ஒண்ணுமே வேணாம்..."

கருத்தம்மாள் தலைவிரிகோலமாக ஓடி வந்தாள். இரண்டு பேரும் சேர்ந்துதான் அவனைக் கிணற்றை விட்டு இழுத்துத் தரையில் போட்டார்கள்.

"ஏலே அய்யா! இன்னும் அந்த வசியம் விடலையாலே?"

"வசியமுமில்ல, மண்ணுமில்ல ஆத்தா." அவன் மண்ணைப் பார்த்தே பேசினான். "அது என் மாத்திரை. நான்தான் குறைச்சுக் குறைச்சுக் குடுக்கச் சொன்னேன். நான்தான் சத்தியம் வாங்குனேன். எல்லாரும் அவளப் பேசுனப்ப... வாயத் திறக்காம நின்னேன்."

கருத்தம்மாள் டாக்டரம்மாவைக் கூட்டிவர ஆள் அனுப்பினாள்.

அன்று மாலை டாக்டரம்மா வந்து பார்த்தாள். "கொஞ்சமா மறுபடி ஆரம்பிச்சு, இன்னும் மெதுவா இறங்கலாம். எத்தனை மாசம் ஆகும்னு என்னால சொல்ல முடியாது. ஒரு நிமிஷம்கூடத் தனியா விடக் கூடாது. முதல்ல ஒரு வாய் ஆகாரம் உள்ள போகட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கஸ்தூரி கஞ்சி கொண்டுவந்தாள். வாசலில் அதே தெருப் பெண்கள். கருத்தம்மாள் அவள் எதிரே வந்து, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வாயைத் திறந்தாள்.

"எனக்கு ஊட்டுத்தா... இவுக எல்லாரும் பாக்க, உன் கையால ஊட்டு."

கஞ்சியை அவள் முகத்தில் வீச வேண்டும் போலிருந்தது கஸ்தூரிக்கு. ஆனாலும் ஒரு கரண்டி அள்ளி ஊட்டினாள். ஒரு வாய் விழுங்கியதும் கருத்தம்மாள் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "எம்புள்ளையக் கிணறு வரைக்கும் தள்ளுனவ நான்தான்த்தா!" என்று கதறினாள். கஸ்தூரியும் அழுதாள்.

எல்லாருக்கும் உண்மை தெரிந்துவிட்டது. ஆனால் கட்டிலில் கிடந்தவன் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

"ஏங்க... ஒரு வாய்..."

அவன் வாயைத் திறக்கவில்லை. கருத்தம்மாள் அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். கஸ்தூரி கரண்டியோடு காத்திருந்தாள். கஞ்சி ஆறிப்போயிற்று. எழுந்து போய்ச் சுட வைத்துக்கொண்டு வந்து, மறுபடியும் உட்கார்ந்தாள்.