நாற்றம் நின்ற சாயங்காலம்

அன்று சாயங்காலம் ஊரில் நாற்றம் இல்லை.

மொட்டைமாடியில் காயப்போட்ட மிளகாயை அள்ளிக்கொண்டிருந்தபோதுதான் ஒக்புன் அதைக் கவனித்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் தொழிற்பேட்டை வந்த நாளிலிருந்து அழுகிய முட்டை வாடை, வாடகை கொடுக்காத குடித்தனக்காரனைப் போல இந்தக் கடலோர ஊரில் தங்கிவிட்டிருந்தது. சோற்றில், தலையணையில், பெட்டியில் மடித்து வைத்த பட்டில்கூட அதுதான். மத்தியானம் வழக்கத்தைவிட மோசமாக இருந்தது. இப்போது துளியும் இல்லை.

"அக்கா, நாத்தம் போயிடுச்சு பாத்தியா?" பக்கத்து வீட்டு மல்ரே தெருவிலிருந்து குரல் கொடுத்தாள். "கம்பெனிக்காரனுக்கு இன்னைக்குத்தான் புத்தி வந்திருக்கு. எல்லாரும் மரத்தடி மண்டபத்துக்குப் போறோம். அண்ணனையும் கூட்டிட்டு வா."

"அவரு முதுகுவலின்னு படுத்திருக்காரு. நீ போற போக்குல எங்க வீட்டு ஜன்னலைத் திறந்து விட்டுட்டுப் போ, புண்ணியமாப் போகும்."

தெரு நெடுக, வருஷக்கணக்காக இழுத்து மூடியிருந்த ஜன்னல்கள் ஒவ்வொன்றாகக் கரகரத்துத் திறக்கும் சத்தம் கேட்டது. ஒக்புனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு பிடி மிளகாயை மூக்கருகே கொண்டுபோனாள். நெடி இல்லை. சோயா விழுது ஊறும் ஜாடியைத் திறந்து முகத்தை உள்ளே நுழைத்தாள். ஒன்றுமே இல்லை.

அறுவடைப் பண்டிகைக்கு எண்ணெய் டின் கொடுக்க வந்த கம்பெனி ஆள் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. "வாடை அடிக்கும்போது பயப்படாதீங்கம்மா. திடீர்னு நின்னா பயப்படுங்க. அளவு மீறினா முதல்ல மூக்குதான் செத்துப்போகும். அது கனமான காத்து, தரையிலதான் தேங்கும். மேல ஏறிடுங்க." எல்லோரும் டின்னைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார்கள்.

கணவர் கப்சு கீழே படுத்திருந்தார். தரையில், மெத்தை விரித்து. திறந்த ஜன்னலுக்கு அடியில்.

"என்னங்க."

பதில் இல்லை. அவரை விட்டால் அவளுக்கு யாரும் இல்லை. படியிறங்கினாள். பாதியிலேயே கண் எரிந்தது, நெஞ்சை யாரோ பிடித்ததுபோல் இருந்தது, முழங்கால் துவண்டது. தவழ்ந்து மேலே வந்து விழுந்தாள். போன் கீழே. கம்பெனியின் அபாயச் சங்கு ஊதவில்லை. வேலிக்கு அப்பால் விளக்குகள் எப்போதும்போல மினுக்கின.

மண்டபத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்த சிரிப்பு நின்றிருந்தது. பூச்சிகளின் சத்தமும் நின்றிருந்தது.

எட்டிப் பார்த்தாள். மண்டபத்தில் ஊரார் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். மல்ரேயின் கையில் கிண்ணம். யாரும் அசையவில்லை.

பிறகு எழுந்தார்கள்.

எல்லோரும், ஒன்றாக. முகங்கள் அவள் பக்கம் திரும்பின. மல்ரே கையை உயர்த்தி, வா என்று அசைத்தாள்.

கீழே கதவு நகர்ந்தது. படியடியில் கப்சு நின்றார். முகம் சாம்பல். வாயோரம் நுரை. நெஞ்சு ஏறி இறங்கவில்லை.

"இறங்கி வா, ஒக்புன். எல்லாரும் உனக்காகத்தான் காத்திட்டிருக்கோம்."

அவள் பின்னால் நகர்ந்தாள். முதுகு கைப்பிடிச் சுவரில் இடித்தது.

"சரி," என்றார். "நானே வர்றேன்."

முதல் படியில் கால் வைத்தார்.