வரிசையில் ஐந்தாவது ஆள்

“அஞ்சு” என்று வந்த குரல் சுத்தமாக இருந்தது. மிசாவோவுக்கு உறுத்தியது அதுதான். வரிசையில் ஐந்தாவதாக நடந்த தங்கை சிஸுருவுக்கு நேற்றிலிருந்து தொண்டை கட்டியிருந்தது. காலையில் சூப்பைக் குடித்துக்கொண்டே அவள் பேசியது தவளை முனகுவது போல இருந்தது. “நான் வரலக்கா, வாயத் தொறந்தா காத்துதான் வருது” என்று மூன்று தரம் சொன்னாள். “வீட்டுல மொடங்கிக் கெடந்தா மட்டும் சரியாயிடுமா? நாலு கடல்நாயப் பாரு, எல்லாம் போயிடும்” என்று இழுத்து வந்தவள் மிசாவோதான். விவாகரத்துக்குப் பிறகு சிஸுரு வாசல்படி தாண்டி மூன்று மாதமாகிறது.

ஹொக்கைடோவின் கிழக்குக் கரையில், ஒருபுறம் உறைந்த வளைகுடாவும் மறுபுறம் பனிப்பாளங்கள் முனகிக்கொண்டே உரசும் கடலுமாக, நடுவில் ஒரு வண்டி போகும் அகலத்துக்கு நீண்டு கிடந்த மணல்திட்டில் எட்டுப் பேர் வரிசையாக நடந்தார்கள். முதலில் வழிகாட்டி குமாகாய். கடைசியில் மஞ்சள் மேற்சட்டையோடு மிசாவோ. காற்று தரைப்பனியைக் கிளப்பினால் முன்னால் நிற்பவரின் முதுகுகூடத் தெரியாது. அப்போது நின்ற இடத்திலேயே நின்று கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், ஓய்ந்ததும் அவரவர் எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும், எட்டு என்ற குரல் வந்தால்தான் குமாகாய் காலை எடுத்து வைப்பார். கடைசி ஆள் எந்தக் காரணத்துக்கும் வரிசையை விட்டு விலகக் கூடாது. இப்போதுதான் அப்படி ஒரு காற்று அடித்து ஓய்ந்திருந்தது. எட்டு எண்ணும் ஒழுங்காக வந்தன.

பிளாஸ்க்கில் இருந்த சூடான தேநீர் தொண்டையைத் திறந்திருக்கும் என்று மிசாவோ தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். முன்னால் சிவப்புத் தொப்பி போய்க்கொண்டிருந்தது. சிஸுருவின் தொப்பிதான். நடை மட்டும் கொஞ்சம் சீராக இருந்தது. சிஸுரு காலைத் தேய்த்துத் தேய்த்து நடப்பவள். அதற்காகச் சின்ன வயதில் அம்மாவிடம் வாங்காத திட்டில்லை.

கொஞ்ச தூரம் போனதும் குமாகாய் கை உயர்த்தினார். பனிப்பாளத்தின் மேல் முப்பது கடல்நாய்கள் புள்ளி போட்ட மூட்டைகளாகப் படுத்துக் கிடந்தன. மீன் நாற்றம் காற்றில் வந்தது. அவர் தொலைநோக்கியை முக்காலியில் நிறுத்தினார். ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள். ஒன்று கொட்டாவி விட்டது, ஒன்று வயிற்றைச் சொறிந்தது. ஐந்தாவதாகச் சிவப்புத் தொப்பி முன்னால் போனது. முப்பது தலைகளும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. பிறகு சத்தமே இல்லாமல் எல்லாம் தண்ணீரில் இறங்கிவிட்டன.

“பதினஞ்சு வருஷமா வரேன், இப்படி ஓடிப் பாத்ததில்ல” என்றார் குமாகாய்.

“நம்ம மூஞ்சி அப்படி” என்றார் ஏழாவது ஆளான ஓனோதேரா. ஊரில் மீன்கடை வைத்திருப்பவர். “வித்துருவான்னு தெரிஞ்சிடுச்சு போல.”

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்த வாய்களிலிருந்து வெள்ளை வெள்ளையாக ஆவி கிளம்பியது. சிவப்புத் தொப்பிக்கு முன்னால் மட்டும் காற்று வெறுமையாக இருந்தது.

“சிஸுரு, தொண்ட எப்படி இருக்கு?”

தொப்பி திரும்பாமலே தலையாட்டியது.

“ஓனோதேரா அண்ணே, எந்தங்கச்சியப் பாருங்க. ஏதோ மாதிரி இல்ல?”

“குளிர்ல எல்லாரும் ஏதோ மாதிரிதாம்மா இருப்போம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். நடங்க, திட்டு முனையில நிக்கிற வண்டியில ஹீட்டர் இருக்கு.”

மணி மூன்றரைகூட ஆகவில்லை, வெளிச்சம் வடிய ஆரம்பித்தது. மிசாவோ அந்தச் சிவப்பை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஓடிப்போய்த் தோளைத் தொட்டுத் திருப்பிவிடலாம். திருப்பினால் என்ன தெரியும் என்று நினைத்ததும் அடியைக் குறுக்கிக்கொண்டாள். அப்போதுதான் பின்னாலிருந்து அந்த இருமல் கேட்டது. கரகரவென்று, சளி அறுக்கும் இருமல். ராத்திரி முழுக்க அடுத்த அறையில் கேட்ட அதே இருமல்.

“ஓனோதேரா அண்ணே, நில்லுங்க.”

காதை மூடிய கம்பளித் தொப்பி. அவர் நிற்கவில்லை. காற்று மறுபடி எழுந்தது, அவர் முதுகு மறைந்தது. மிசாவோ வரிசையை விட்டுத் திரும்பி ஓடினாள்.

சிஸுரு பனிமேட்டுக்குப் பின்னால் முழங்கையூன்றி ஊர்ந்து வந்துகொண்டிருந்தாள். தொப்பியில் சிவப்பே தெரியாத அளவுக்குப் பனி. ஒரு கால் கோணலாக இழுபட்டது.

“மொதக் காத்துலயே ஒரு மேட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்துட்டேன்க்கா.” குரல் இல்லை, வெறும் காற்றுதான் வந்தது. “கத்திக் கத்திப் பாத்தேன். தொண்ட வரல. நீங்க எண்ணிப் பாக்கலையா?”

“எண்ணினோம்.”

மிசாவோ அவளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு கத்தினாள். எதிர்க்காற்று அவள் குரலை அவள் வாய்க்குள்ளேயே திணித்தது. ராத்திரியானால் இந்தக் குளிரில் இருவரும் பிழைக்க முடியாது. அந்த வண்டிதான் உயிர். ஆனாலும் ஒரு நம்பிக்கை இருந்தது. காற்று அடங்கியதும் எண்ணுவார்கள். எட்டு வராது. எட்டு வராவிட்டால் குமாகாய் திரும்பி வருவார்.

காற்று அடங்கியது. குரல்கள் தெளிவாக வந்தன.

“ஒண்ணு.”

“ரெண்டு.”

“மூணு.”

“நாலு.”

“அஞ்சு.” சுத்தமாக. சிஸுருவின் விரல்கள் அக்காவின் கையை இறுக்கின.

“ஆறு.”

“ஏழு.” ஓனோதேரா.

மிசாவோ மூச்சைப் பிடித்தாள். வராதே. வராதே.

“எட்டு.”

மிசாவோவின் குரல். அவள் எட்டு சொல்லும்போது கடைசியில் லேசாக இழுப்பாளே, அந்த இழுப்போடு.

“அக்கா,” என்றாள் சிஸுரு. “இப்ப நீ பேசினியா?”

மிசாவோ குரல் வந்த பக்கம் பார்த்துக் கத்த வாயைத் திறந்தாள், வெறும் காற்றுதான் வந்தது. பனித்தூள் ஒரு நிமிஷம் விலகியது. திட்டின் முனையில் வண்டி விளக்குகள். ஒவ்வொருவராக ஏறினார்கள். சிவப்புத் தொப்பிக்குக் குமாகாய் கை கொடுத்து ஏற்றிவிட்டார். கடைசியாக மஞ்சள் மேற்சட்டை. அது படியில் நின்றது. திரும்பியது. நேராக இவர்கள் பக்கம் பார்த்து, ஒரு விரலை உதட்டின் மேல் வைத்தது. பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டது.