வெற்று வரியை மறைக்கும் கட்டளை

நான்கு பேர் சேர்ந்து பாடும் பாட்டின் தாளில், முதல் குரலின் வரிக்குக் கீழே ஒரு விரற்கடை இடம் கூடுதலாக விழுந்திருந்தது. மற்றவர்களுக்கு அது பெரிய விஷயமில்லை. இசைத்தாள் அச்சுக்குக் கோக்கிறவருக்கு அது செருப்புக்குள் புகுந்த கல்.

அவர் தொழிலில் சுரங்களைக் கையால் வரைவதில்லை. இன்ன சுரம், இத்தனை நீளம், இங்கே மூச்சு என்று எழுத்தாகத் தட்டி ஓட்டினால் மென்பொருள் அதைக் கோடும் புள்ளியுமாக வரைந்து கொடுக்கும். ஓரம், இடைவெளி எல்லாம் கோப்பின் தலையில் இருக்கும் அமைப்புப் பகுதியின் அதிகாரம். அந்தப் பகுதியை யாரும் சொந்தமாக எழுதுவதில்லை. ஒருவர் கோப்பிலிருந்து இன்னொருவர் வெட்டி ஒட்டிக்கொள்வார்கள். இவரும் ஒட்டிக்கொண்டவர்தான். எந்தப் புண்ணியவான் எழுதியதென்று கேட்டதில்லை.

மழை பிடித்த மதியம். பக்கத்து அறையில் மனைவி பழைய தாளை வைத்துப் பாடிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்க நுரையீரலை எடுத்த பிறகு அன்று சாயங்காலம்தான் அவளுக்கு முதல் மேடை. அடிக்கடி மூச்சு எடுக்காவிட்டால் ஆபத்து என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதனால் அவளுடைய முதல் குரல் வரியில் கால்புள்ளி போன்ற மூச்சுக்குறிகளை இவரே பார்த்துப் பார்த்து வைத்திருந்தார்.

"என்னங்க, புதுத் தாள் இன்னிக்கு வருமா, இல்ல அடுத்த ஜென்மமா?"

"பொறும்மா. ஒரு இடைவெளி மக்கர் பண்ணுது."

"உங்ககிட்ட பழகின கம்ப்யூட்டர்தானே, பிடிவாதம் இருக்கத்தான் செய்யும்."

இடைவெளி எண்ணைக் குறைத்து ஓட்டினார். மற்ற வரிகள் நெருங்கின. அந்த இடம் மட்டும், யாரோ துண்டு போட்டுப் பிடித்து வைத்த இருக்கை மாதிரி, அசையவில்லை.

அப்போதுதான் ஒட்டிக்கொண்ட அமைப்புப் பகுதியில் 'வெற்று வரிகளை மறை' என்ற கட்டளை கண்ணில் பட்டது. பாடாத குரலின் வரியைத் தாளில் காட்டாமல் விடுகிற வசதி. அதை நீக்கிவிட்டு ஓட்டினார்.

அந்த இடத்தில் ஒரு வரி முளைத்தது. ஐந்தாவது வரி. கோப்பில் அவர் எழுதியிருந்தது நான்கே குரல்கள். இரண்டு முறை எண்ணினார். புதிய வரியின் தலையில் பெயர் இல்லை. உள்ளே முழுக்க மௌனக் குறிகள்.

மறுபடி ஓட்டினார். ஒரு சுரம் வந்திருந்தது. மறுபடி ஓட்டினார். ஏழு. ஒவ்வொன்றும் அவளுடைய மூச்சுக்குறிக்கு நேர் கீழே.

ஜன்னல் தகரத்தில் மழை தட்டும் சத்தமும், அச்சுப்பொறியின் சூடான மை வாடையும், இரண்டுக்கும் அடியில் பக்கத்து அறையிலிருந்து அவள் குரலும் வந்துகொண்டிருந்தன. அந்தக் குரல் நீண்டு, வளைந்து, மறுபடி நீண்டு, எந்த இடத்திலும் அறுபடாமல் வந்துகொண்டிருப்பதை அவர் அப்போதுதான் கவனித்தார்.

பாட்டு முடிந்ததும் கேட்டார். "நடுவுல மூச்சே விடலியே நீ?"

"விட்டேனே. எட்டு தரம் விட்டேன். காது அடைச்சுப் போச்சா?"

திரையைப் பார்த்தார். ஏழு எட்டாகியிருந்தது. அவர் ஓட்டவில்லை.

பயந்த மனிதர், தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தார். எல்லா இடைவெளிகளையும் பூஜ்யமாக்கி, நீளாமல் விரியாமல் பூட்டினார். ஒரு மயிரிழைகூட நுழைய இடமில்லை. ஓட்டினார்.

ஐந்தாவது வரி போய்விட்டது. உடனே அச்சுக்குக் கொடுத்தார்.

சூடு ஆறாத தாளை அவளே வந்து எடுத்தாள். "அட! நம்ம கல்யாணப் பத்திரிகைகூட இவ்வளவு அழகா அடிக்கலீங்க."

அவள் போன பிறகு வியர்வையைத் துடைத்துக்கொண்டு திரையைப் பெரிதாக்கிப் பார்த்தார். முதல் குரலின் வரி. மூச்சுக்குறிகளைக் காணோம். அவை இருந்த இடங்களில் எல்லாம் ஐந்தாவது வரியின் சுரங்கள்.

பக்கத்து அறையில் பாட்டு ஆரம்பித்தது.

"பாடாதே!"

நிற்கவில்லை.

ஓடினார். அவள் ஜன்னலோரம் நின்றிருந்தாள். உதடு நீலம். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கண் அவரைப் பார்த்துக் கெஞ்சியது. வாய் பாடியது.

தாளைப் பிடுங்கினார். கிழித்தார்.

அவள் வாய் மூடிக்கொண்டது. இரண்டு கைகளாலும் நெஞ்சை அழுத்திக்கொண்டாள்.

பாட்டு நிற்கவில்லை. மூடிய உதடுகளுக்குப் பின்னால், டாக்டர்கள் காலி செய்து அனுப்பிய அந்தப் பக்கத்து நெஞ்சிலிருந்து, யாரோ நிதானமாகப் பாட்டின் இரண்டாம் பக்கத்தைத் தொடங்கினார்கள்.