டல்சி ஊற்றிய எண்ணெய்

முந்தின நாள் சாயங்காலம் டல்சி தன் கையால் ஊற்றிய எண்ணெய் காலையில் இல்லை. இரும்பைக் கடையும் லேத்தின் தலைப்பெட்டியில், இரும்புத் துண்டைத் தாடைகளால் கவ்விச் சுழற்றுகிற சக்கின் தண்டுக்குக் கீழே, சட்டைப் பொத்தான் அளவில் ஒரு கண்ணாடி உண்டு. உள்ளே எண்ணெய் எவ்வளவு நிற்கிறதென்று அதில் பார்த்துக்கொள்ளலாம். பாதிக் கண்ணாடிவரை நிற்கும்படி ஒரு லிட்டர் ஊற்றி, மூடியைத் திருகி, ஒழுகினால் தெரியட்டும் என்று அடியில் பழைய செய்தித்தாளையும் விரித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போயிருந்தாள். இப்போது கண்ணாடி காலியாக இருந்தது. தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒரு பொட்டு இல்லை.

"குடிச்சிடுச்சா?" என்றான் அவள் கணவன் மெர்வ், ஷெட்டின் கதவோரம் நாற்காலியில் உட்கார்ந்தபடி. "உள்ள இருக்கிற கம்பளித் திரி வறண்டு கிடந்திருக்கும். முதல் ரெண்டு நாள் குடிக்கத்தான் செய்யும்."

"நீ சம்பள நாள்ல குடிச்ச மாதிரியா?"

"நான் குடிச்சா தரையில கொஞ்சமாவது சிந்தும், கண்ணு."

வாயின் வலப்பாதியால் மட்டும் சிரித்தான். எட்டு மாதத்துக்கு முன்னால் பக்கவாதம் அவனுடைய இடப்பக்கத்தை எடுத்துக்கொண்டு போயிருந்தது. உருக்காலையில் நாற்பது வருஷம் பிட்டராக இருந்த மனிதன், சுவரைப் பார்த்து உட்கார ஆரம்பித்தான். சாப்பாட்டை ஒதுக்கினான். ஒருநாள் சவரக் கத்தியோடு குளியலறைக்குள் போய்த் தாழிட்டவன் ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் டல்சி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். அன்றைக்குத்தான் முடிவுபண்ணினாள், இவனை உயிரோடு வைத்துக்கொள்ள ஒரு வேலை வேண்டும் என்று. பாஸ்கிவில் பக்கம் ஒரு கோதுமைப் பண்ணையில், செத்துப்போன குடியானவனின் லேத்து துருப்பிடித்துக் கிடப்பதாகக் கேள்விப்பட்டு, ஆளை வைத்து டிரக்கில் ஏற்றி வாலரூவிலுள்ள தன் வீட்டு ஷெட்டுக்குக் கொண்டுவந்தாள். அவனுடைய விதவை வாசலுக்குக்கூட வரவில்லை. ஜன்னல் வழியாகக் கையை மட்டும் ஆட்டினாள், கொண்டுபோங்க கொண்டுபோங்க என்று.

எண்ணெய் தெரியாதவள் இல்லை டல்சி. அதே உருக்காலையின் எண்ணெய்க் கிடங்கில் இருபத்திரண்டு வருஷம் ஜன்னலுக்குப் பின்னால் நின்று பிட்டர்களுக்கு அளந்து கொடுத்தவள். வேகமாகச் சுழலும் தண்டுக்குத் தண்ணீர்போல் மெல்லிய எண்ணெய். கருவி வண்டி நகரும் தடத்துக்கு, விரலில் தொட்டால் நூல் இழுக்கிற பிசுபிசுப்பு எண்ணெய். கார் என்ஜினுக்கு ஊற்றுவது கூடவே கூடாது; இரும்புத் தூளைக் கீழே படியவிடாமல் மிதக்கவைத்து உள்ளேயே அரைக்கும்.

அடுத்த வீட்டுக் கிட்டோ வேலிக்கு மேலாக ஒரு தகர டப்பாவை நீட்டினான். அவனுடைய கிழட்டுச் செம்பட்டைக் கெல்பி நாய் பெஸ் வேலிச் சந்தில் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது.

"இந்த கியர் ஆயில ஊத்தும்மா. தேன் மாதிரி கெட்டி. எங்கயும் போகாது."

"மோந்து பாரு கிட்டோ. கந்தக நாத்தம். உள்ள தண்டைத் தாங்குற வெண்கல வளையத்த அரிச்சுத் தின்னுடும்."

"எண்ணெய்னா எண்ணெய்தானே."

"அப்ப உன் சாலட்ல ஊத்திக்க."

மூன்றாவது லிட்டரை ஊற்றி, அந்த ஊரின் உச்சக் கோடையான பிப்ரவரி வெயிலில் ஷெட்டின் தகரம் படபடவென்று முறுகிக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், மெர்வ் முதல்தடவையாக விசையைப் போட்டான். சக்கு சுழன்றது. நாலு மூச்சு விடும் நேரம் எல்லாம் சரியாக இருந்தது. பிறகு கண்ணாடியில் எண்ணெய் மட்டம் இறங்கியது, யாரோ உறிஞ்சுகிற மாதிரி, ஒரே சீராக. தண்டு கத்தத் தொடங்கியது. இரும்பு இரும்போடு உரசுகிற சத்தத்தை டல்சி வாழ்நாள் முழுக்கக் கேட்டிருக்கிறாள், இது அதுவல்ல. பன்றியின் கழுத்தில் கத்தி பாதி இறங்கி நிற்கும்போது வருகிற சத்தம். தலைப்பெட்டியில் பட்ட அவளுடைய முழங்கை கொப்புளித்தது.

"நிறுத்து மெர்வ்!"

நிறுத்தினான். அவன் முகம் மறுபடியும் குளியலறைக் கதவுக்குப் பின்னால் போய்விட்டதை அவள் பார்த்தாள்.

"முதல்நாள் எண்ணெய் வடிக்க அடி அடைப்பைத் திறந்தப்ப என்ன வந்துச்சு, ஞாபகம் இருக்கா?" என்றான் மெதுவாக.

மறக்கவில்லை. எண்ணெய் வரவில்லை, மஞ்சளும் கறுப்புமாக ஒரு கட்டி. கரண்டியால் தோண்டி எடுத்தாள். வெயிலில் வைத்ததும் உருகி, ஞாயிற்றுக்கிழமைச் சமையலறை வாசனை அடித்தது.

"ஆட்டுக் கொழுப்பு," என்றான் மெர்வ். "போர்க்காலத்துல எண்ணெய் கிடைக்கல. இதைத்தான் ஊத்தினாங்கன்னு எங்கப்பாகூட சொல்வாரு."

"நாலு நாள்ல புளிச்சு இரும்பையே தின்னுடும் அது. என் லேத்துக்கு நான் விடமாட்டேன்."

"உன் லேத்தா?"

அவன் தடியை ஊன்றிக்கொண்டு போய், நேற்றுப் பொரித்த ஆட்டுத்தொடையின் கொழுப்பைக் கிண்ணத்தோடு சூடாக்கி, தடியை விட்டுவிட்டு அந்த ஒரு கையால் ஏந்தி, காலை இழுத்து இழுத்துக் கொண்டுவந்து ஊற்றினான். விசையைப் போட்டான். சத்தமே இல்லை. சக்கு சுழல்கிறதா நிற்கிறதா என்று கண்ணை இடுக்கிப் பார்க்க வேண்டியிருந்தது.

"டல்சி."

"என்ன?"

"இங்க பாரு."

செத்த மீனாகத் தொங்கிய இடக்கையின் சுண்டுவிரல் மடங்கி நிமிர்ந்தது.

அதற்கப்புறம் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போனவள் டல்சிதான். அதை அவள் யாரிடமும் சொல்லமாட்டாள். கசாப்புக் கடையில் கொழுப்பு வாங்கி, உருக்கி, வடிகட்டி, சூடு ஆறுவதற்குள் ஷெட்டுக்கு ஓடினாள். முதல் வாரம் கை தேநீர்க் கோப்பையைப் பிடித்தது. இரண்டாம் வாரம் அவள் கன்னத்தைத் தொட்டது. அன்று அவள் சமையலறையில் நின்று அழுதாள், அவ்வளவு சந்தோஷம்.

மூன்றாம் வாரம் கோழிக் கூண்டு அமைதியாக இருந்தது.

எட்டுத் தலைகள். கூண்டுக்கு வெளியே, மரக்கட்டைமேல், ஒரே வரிசையில், கண் திறந்தபடி. உடம்புகளைக் காணோம். வழியெல்லாம் இறகு. ஷெட்டுக்குள் மெர்வ் முழங்கைவரை சிவப்பாக நின்றிருந்தான். கோடரி இடக்கையில் இருந்தது.

"கொழுப்பு மட்டும் போதலடி," என்றான், சமையல் குறிப்பு சொல்கிற தொனியில். "சூடா இருந்தா இன்னும் நல்லா ஓடுது. அடுப்புச் சூடு இல்ல. அதுவா இருக்கிற சூடு."

"மெர்வ், கையைக் கழுவிட்டு உள்ள வா."

"ரெண்டு கை இருக்கு எனக்கு. பாத்தியா?"

நாலு நாள் கழித்துக் கிட்டோ வேலியோரம் வந்தான். அவன் முகத்தில் கிண்டல் இல்லை.

"என் பெஸ்ஸைப் பாத்தியாம்மா? ராத்திரியிலேர்ந்து காணோம்."

"இல்லியே."

பொய் சொல்கிறோம் என்று அப்போது அவளுக்குத் தெரியாது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மெர்வ் கண் அயர்ந்ததும் ஷெட்டுக்குப் போனாள். ஈக்கள். லேத்தின் அடித்தட்டில் இரும்புச் சுருள்களுக்கு நடுவே ஒரு தோல் கழுத்துப் பட்டை, பித்தளை வளையத்தோடு. சக்கின் மூன்று தாடைகளிலும் செம்பட்டை மயிர் இறுகச் சுற்றியிருந்தது. கோடரியால் வெட்டியிருக்கவில்லை. உயிரோடு தாடையில் பிடித்து, சுழலவிட்டிருந்தான்.

பட்டையை எடுத்தாள். சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள்.

கிடங்கில் ஒரு சட்டம் இருந்தது. ஒன்றின்மேல் இன்னொன்றை ஊற்றாதே. பழசை முழுக்க வடி, மண்ணெண்ணெய் விட்டுக் கழுவு, தெளிவாக வரும்வரை கழுவு, பிறகுதான் புது எண்ணெய். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் தவறவிடாத சட்டம். இந்த லேத்தின் வயிற்றில் இருப்பதையெல்லாம் கழுவிவிட்டால் இது வெறும் இரும்பு. மெர்வின் கை மறுபடி விழுந்தால் விழட்டும். அவன் அவனாக இருந்தால் போதும். ஸ்பூனால் ஊட்டிக்கொள்ளலாம்.

முதலில் சுவரிலிருந்து மின் செருகியைப் பிடுங்கினாள். அடைப்பைத் திறந்தாள். கெட்டியாக, கதகதப்பாக, சிவப்பும் கறுப்புமாக இறங்கியது, நடுநடுவே விக்கியது. நாலு லிட்டருக்குமேல் கொள்ளாத பெட்டி. ஒரு வாளி நிறைந்தது. இன்னொரு வாளி நிறைந்தது. மண்ணெண்ணெயை விட்டாள். இளஞ்சிவப்பாக வந்தது. மறுபடி. மறுபடி. தட்டு வழிந்து தரையெல்லாம் ஓடியது, அவளுடைய செருப்பு நனைந்தது, அவள் கவனிக்கவில்லை. ஏழாவது முறை, கண்ணாடிபோல் தெளிவாக வந்தது. அடைப்பை இறுக்கி மெல்லிய எண்ணெயை ஊற்றினாள்.

வீட்டுக்குள் மெர்வ் அலறினான்.

தடி இல்லாமல் வந்தான். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். இடக்கை தோளிலிருந்து தொங்கியது. எட்டு மாதமாகத் தொங்கிய அதே மாதிரி. ஆனால் கண்கள் அவனுடையவை. முழுக்க அவனுடையவை.

"டல்சி, என்ன பண்ணுன?"

"கழுவிட்டேன். எல்லாத்தையும். முடிஞ்சுது மெர்வ்."

"எதுவுமே மிச்சம் வைக்கலியா?"

"ஒரு சொட்டு இல்ல."

அவன் லேத்தைப் பார்த்தான். "வெறும் வயித்தோட விட்டுட்டியேடி."

எண்ணெய் இறங்கியது. ஒரே உறிஞ்சலில்.

சக்கு அசைந்தது. கால் சுற்று. அரைச் சுற்று. மின் செருகி தரையில் கிடந்தது. அவள் அதைப் பார்த்தாள். சக்கைப் பார்த்தாள். மறுபடி அதைப் பார்த்தாள்.

கத்தல் தொடங்கியது.

மெர்வின் இடக்கை எழும்பியது. அவன் தூக்கவில்லை. தோள் லேத்தை நோக்கி முன்னால் போனது, மார்பு பின்னால் இழுத்தது, கால்கள் தரையைத் தேய்த்தன.

"பிடி! டல்சி! பிடி என்னை!"

அவனுடைய வலக்கை நீண்டது. பாய்ந்து பிடித்தாள். இரண்டு கையாலும். பின்னால் சாய்ந்தாள்.

சக்கின் தாடை அவன் இடக்கை விரல்களைத் தொட்டது. ஈரத் துணியைக் கிழிக்கிற சத்தம். மணிக்கட்டு. சட்டைக் கை. முழங்கை எதிர்ப்பக்கமாக மடிந்தது, ஒரு முறை, பிறகு இன்னொரு முறை, மடிய முடியாத இடத்தில். எலும்பு விறகு மாதிரி முறிந்தது. தகரச் சுவரெல்லாம் சிவப்புத் தெறித்தது. அவள் வாயிலும். உப்பு. அவன் அலறிக்கொண்டே இருந்தான், லேத்தும் அலறிக்கொண்டே இருந்தது, எது யாருடையது என்று தெரியவில்லை.

தோள்வரை போனது.

லேத்து அமைதியானது.

மெர்வும் அமைதியானான். கன்னம் தலைப்பெட்டியில் ஒட்டியிருந்தது, தலையணையில் சாய்ந்தவனைப்போல. சக்கு சுழன்றுகொண்டிருந்தது. சத்தமே இல்லாமல். அதில் சுற்றியிருந்ததும் சேர்ந்து.

"மெர்வ்?"

கண் திறந்திருந்தது. கோழித் தலைகளின் கண்போல. மூச்சு இல்லை.

அவள் கையை விட்டாள்.

அவன் கை விடவில்லை.

நாற்பது வருஷம் ஸ்பானர் பிடித்த வலக்கை. ஐந்து விரலும் அவள் மணிக்கட்டைச் சுற்றி இறுகியிருந்தன. நகத்தால் பிறாண்டினாள். கடித்தாள். ஒரு விரலை நிமிர்த்தி ஒடித்தாள். மற்ற நாலும் இறுகின. செத்த முழங்கை மெதுவாக மடங்கியது, லேத்தின் பக்கமாக, அவளையும் சேர்த்துக்கொண்டு.

"கிட்டோ!" என்று கத்தினாள். "கிட்டோ!"

தூரத்தில், வேலிக்கு அந்தப் பக்கம், அவன் நாயைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

குதிகாலை ஊன்றினாள். தரை முழுக்க மண்ணெண்ணெய். செருப்பு வழுக்கியது. ஒரு அங்குலம். மறுபடி ஊன்றினாள். இன்னொரு அங்குலம். தாடைகளின் காற்று அவள் விரல் நுனியில் பட்டது. கதகதப்பாக இருந்தது.